தங்கசாமி அடிக்காமல் விட்ட கோல்கள்

1

ஆடி பிறந்தால் நான் கண்டிக்கு வந்து இன்னொரு வருஷம் கூடிவிட்டது என்று அர்த்தம். ஊரில் இருப்பவர்களுக்கு ஆடி என்றால் காவிரியில் புதுத் தண்ணீர். எனக்கு ஆடி என்றால் குடை. இங்கே அந்த மாதம் முழுக்க மழை தூறிக்கொண்டே இருக்கும். பெரிய மழை என்றால் ஒதுங்கி நிற்கலாம். தூறலுக்கு ஒதுங்கினால் வேலைக்குப் போக முடியாது, ஆகவே நனைந்துகொண்டே போகப் பழகிவிட்டேன்.

வேலை அதேதான். பிரக்கிராசியார் ஒருவரிடம் டைப் அடிக்கிறேன். நம் பக்கத்து வக்கீலுக்கு இங்கே அந்தப் பெயர். இந்த வருஷம் அதிகமாக அடிப்பது வாக்காளர் பட்டியல் மனுக்கள். இந்தியாவிலிருந்து வந்தவர்கள் ஓட்டுக் கேட்டால் இந்த நாட்டிலேயே தங்கும் எண்ணம் உண்டு என்று எழுதிக் கொடுக்க வேண்டும். தெல்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த ஒருவரிடம் அந்தக் கேள்வியைப் படித்துக் காட்டினேன். "எண்ணம் இருக்குங்க. ஊருக்குப் போயிட்டு வர்ற எண்ணமும் இருக்குங்களே, அத எங்க எழுதுறது?" என்றார். அதற்குக் கட்டம் இல்லை என்றேன். "அப்ப நீங்க எப்புடிங்க எழுதினீங்க?" என்று திருப்பிக் கேட்டார். நான் இன்னும் எழுதவில்லை. மற்றவர்களுக்கு அடித்துக் கொடுப்பதோடு சரி.

அவர் போன கையோடு யூசுப் நானா வந்தார். 'நானா' என்றால் இங்கே முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடும் முறை. அவர்கள் பேச்சில் 'சொல்லுங்க' என்பது 'செல்லுங்க', 'இருந்தா' என்பது 'ஈந்தா'. யூசுப் நானாவுக்கு ஊர் அலவத்துகொட. மிளகும் பாக்கும் வாங்கி விற்பவர், ஆனால் அவருடைய உண்மையான தொழில் கால்பந்து பார்ப்பது. கடைத்தெருக்காரர்கள் சேர்ந்து நடத்தும் கிளப்புக்கு அவரைப் போல ஒரு பைத்தியம் கிடையாது.

"கிளாக்கர், இந்த வருஷம் எங்களுக்கு ஒரு நல்ல பார்வர்ட் தேவ," என்றார். "உங்கட ஊர்ல அந்தத் தங்கசாமி மாதிரி ஒத்தர் ஈந்தா செல்லுங்க. காசுக்கு வெலபோகாத ஆளா மட்டும் பாத்துக்கொள்ளுங்க."

அப்படி யாரும் இல்லை என்று சொல்லி அனுப்பினேன். தங்கசாமி போன வருஷம் பொன்மலைப் பக்கம் இறந்துபோனதாகத் தகவல் வந்தது. உயிரோடு இருந்தவரை அவருக்குக் கொடுத்த வார்த்தையைக் காப்பாற்றினேன். இனி எழுதினால் தப்பில்லை என்று நினைக்கிறேன். திருச்சியில் இதைப் படிப்பவர்களில் சிலருக்காவது அவரை நேரில் தெரிந்திருக்கும்.

2

எல்லாம் என் வாயால் வந்தது. ஏழெட்டு வருஷத்துக்கு முன் எங்கள் கிளப் வாவிக்கரைக் கிளப்பிடம் மூன்று வருஷம் தொடர்ந்து தோற்றிருந்தது. தோற்ற மறுநாள் கண்டியின் கொழும்புத் தெருத் தேநீர்க் கடையில் ஆளாளுக்குப் புலம்பிக்கொண்டிருந்தார்கள். பிறர் ஊரில் இழவு வீட்டுக்குப் போனாலும் நம் ஊர்ப் பெருமை பேசாமல் வரமாட்டோமே. நானும் ஆரம்பித்தேன்.

ரயில்வே பட்டறை அணியில் தங்கசாமி என்று ஒருவர். இருபத்து நாலு வயது. பொட்டல் தரையில் வெறுங்காலோடு ஆடுவார். ஒருமுறை மூன்று பேரைத் தாண்டிப் போய், இடது காலால் அடிப்பதுபோலக் காட்டி வலது காலால் தட்டிவிட்டார். பந்து வலைக்குள் போய்ச் சேர்ந்த பிறகும் கோலி மறுபக்கமே பார்த்துக்கொண்டு நின்றான். இதைச் சொல்லும்போது நான் எழுந்து நின்று கடைக்குள்ளேயே ஆடிக் காட்டியதாகப் பிறகு சொன்னார்கள்.

கிளப்பின் தலைவர் சாஹுல் ஹாஜியார். பெரிய ஜவுளிக்கடைக்காரர், அதிகம் பேசமாட்டார். அவர் கேட்டது ஒரே கேள்வி. "தம்பி, அந்த மனிசன் இப்பவும் ஆடுறாரா?"

"ஆடாமல்?" என்றேன்.

ஊரை விட்டு வந்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. நாம் கப்பலேறிய அன்றோடு ஊரில் எல்லோரும் அப்படியே நின்றுவிட்டதாக நினைப்போம். என் சித்தப்பா மகளுக்கு மூன்று பிள்ளைகள், ஆனால் நான் ஊருக்கு அனுப்பும் பார்சலில் அவளுக்கு ரிப்பன் வாங்கி வைத்திருக்கிறேன். ஹாஜியார் சொன்னபடி தங்கசாமிக்கு அழைப்புக் கடிதம் எழுதித் தபாலில் போட்டுவிட்டு வந்து மனைவியிடம் பெருமையாகச் சொன்னபோது, "அவருக்கு இப்போ என்ன வயசு இருக்கும்?" என்று கேட்டாள்.

"இருபத்து நாலு."

"நீங்க வந்து பத்து வருஷம் ஆச்சு. அப்போ நான் இன்னும் பாவாடை கட்டிக்கிட்டா இருக்கேன்?" என்று சொல்லிச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மறுநாள் ஹாஜியாரிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லாததற்கு ஒரு காரணமும் இல்லை, வெட்கத்தைத் தவிர.

3

கடைத்தெரு அவருக்குக் கொடுத்ததைக் கேளுங்கள். ஹாஜியாரின் கடையில் பெயருக்கு ஒரு விற்பனையாளர் உத்தியோகம், கடைக்கு மேலே தனி அறை, கொழும்பிலிருந்து தருவித்த பந்தாட்டச் சப்பாத்து ஒரு ஜோடி, ஒரு கம்பளிக் கோட்டு. சம்பளம், பத்து வருஷம் டைப் அடித்த எனக்குக் கிடைப்பதைவிட அதிகம். சாப்பாடு வீட்டுக்கு வீடு முறை வைத்து. செவ்வாய்க்கிழமை ஆட்டுக்கால் சூப் ஒரு வீட்டில், வெள்ளிக்கிழமை புரியாணி இன்னொரு வீட்டில். யூசுப் நானாவின் பங்கு வாரம் ஒரு கூடை நாட்டுக்கோழி முட்டை. அலவத்துகொடவிலிருந்து ஒன்றுகூட உடையாமல் மடியில் வைத்துக் கொண்டுவருவார்.

வருவதற்கு முன்பே ஒரு சிக்கல். மூன்றாம் வகுப்புப் பயணிகளைக் கடல் தாண்டவிடுமுன் முகாமில் சில நாள் நிறுத்திவைத்துப் பார்ப்பது அப்போது வழக்கம். ஜவுளிக்கடைச் சிப்பந்தி என்று சொல்லும்படி எழுதியிருந்தேன். அவர் மறந்துவிட்டார். "எதுக்குப் போறே?" என்று கேட்டதற்குப் பந்தாட என்றிருக்கிறார். "எந்தத் தோட்டம்?" என்று அடுத்த கேள்வி. "போகம்பரை மைதானம்" என்றாராம். அங்கே தேயிலையா ரப்பரா என்று கேட்டார்களாம். பிரக்கிராசியார் தந்தி கொடுத்த பிறகுதான் விட்டார்கள்.

கண்டி ஸ்டேஷனில் மாலையோடு கடைத்தெரு முழுக்க நின்றது. ரயில் நின்றதும் மற்றவர்கள் குதித்து இறங்கினார்கள். தங்கசாமி கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு இடது காலை முதலில் வைத்தார், பிறகு வலது காலை மெதுவாகக் கொண்டுவந்து அதன் பக்கத்தில் வைத்தார். தலைமயிருக்குப் புதிதாகச் சாயம் போட்டிருந்தது.

"தம்பி, நீங்கதானே கடிதம் எழுதினது?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். யூசுப் நானா குறுக்கே வந்து முட்டைக் கூடையை நீட்டினார்.

4

முதல் ஆட்டத்தில் அவர் அதிகம் ஓடவில்லை. பயணக் களைப்பு என்றார்கள். இரண்டாவதில் சப்பாத்து கடித்து நொண்டுகிறார் என்றார்கள். மூன்றாவதில் ஈரத் தரை அவருக்குப் புதிது என்றார்கள். ரசிகர்கள் சொல்லும் சாக்குகள் ஆட்டக்காரருக்குக்கூடத் தோன்றாது. செவ்வாய்க்கிழமைச் சூப்பில் மிளகு போதாது என்று ஒருவர் சொன்னார், அந்த வீட்டுக்காரருக்குக் கோபம் வந்து ஒரு வாரம் சூப் நின்றது.

உண்மையைச் சொன்னால், அவருக்குப் பந்து தெரியும். நின்ற இடத்திலிருந்தே எவனும் பார்க்காத பக்கமாகத் தள்ளிவிடுவார். அங்கே நம் ஆள் ஒருவன் ஓடிவந்தால் கோல்தான். ஆனால் நம் ஆட்கள் எல்லோரும் அவர் அடிப்பதைப் பார்க்க நின்றுகொண்டிருந்தார்கள். இவ்வளவு செலவழித்துக் கொண்டுவந்த ஆள் பந்தை இன்னொருவனுக்குக் கொடுத்தால் எப்படி?

நான்காவது ஆட்டத்தில் பொறுமை போய்விட்டது. அவர் பக்கம் பந்து போனாலே மைதானத்தில் கோழி கூவ ஆரம்பித்தது. "முட்டைய வெச்சிட்டுப் போ!" என்று கத்தினார்கள். யூசுப் நானா முட்டையை நிறுத்திவிட்டு என் அலுவலகத்துக்கே வந்தார். "என்ன கிளாக்கர், மனிசன் மரம் மாதிரி நிக்கிறாரு? நான் ஊட்ல பிள்ளைகளுக்குக் குடுக்காமக் கொணந்து குடுத்த. திண்டுட்டு நிக்கிறாரே! நல்லா ஆடுவாரு எண்டு நீங்கதானே செல்லின?"

"கொஞ்சம் பொறுங்க நானா," என்றேன். வேறு என்ன சொல்ல?

என் மகள் கமலாவுக்கு அப்போது எட்டு வயது. கண்டியில் பிறந்தவள். நான் நாற்காலி என்றால் அவள் கதிரை என்பாள், என் பேச்சைக் கேட்டால் அவளுடைய தோழிகள் சிரிப்பார்கள் என்று பள்ளிக்கூட வாசலில் என்னைப் பேசவிடமாட்டாள். ஒருநாள் அவள் அடுத்த வீட்டுச் சிங்களப் பிள்ளைகளோடு சேர்ந்து முற்றத்தில் கோழிபோலக் கூவிக்கொண்டு நொண்டியடித்தாள். என்ன விளையாட்டு என்று கேட்டேன். "தங்கசாமி விளையாட்டு," என்றாள். அவர் எங்களுக்குச் சொந்தமா என்று வகுப்பில் கேட்டார்களாம். இல்லவே இல்லை, யாரோ இந்தியாக்காரர் என்று சொல்லிவிட்டாளாம். சொல்லிவிட்டுத் திரும்பவும் கூவப் போய்விட்டாள். எனக்கு அவளை அடிக்கவும் தோன்றியது, அவளோடு சேர்ந்து கூவவும் தோன்றியது.

5

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தங்கசாமி வீட்டுக்கு வந்தார். கதவைச் சாத்தச் சொல்லி, வேட்டியைத் தூக்கி வலது முழங்காலைக் காட்டினார். அது முழங்கால்போல் இல்லை. வீங்கி, பக்கவாட்டில் தள்ளிக்கொண்டு நின்றது.

"எப்போதிருந்து?"

"ஆறு வருஷம் ஆச்சு தம்பி. ஒருத்தன் மேல வந்து விழுந்தான். அதோட ஆட்டம் போச்சு. இப்ப பட்டறையில எண்ணெய் போடுற வேலை."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "இதை மறைச்சுக்கிட்டு ஏன் வந்தீங்க? இத்தனை பேர் செலவு பண்ணி, நான் ஊர் முழுக்கச் சொல்லி..."

"உங்க கடிதத்தாலதான் வந்தேன்," என்றார். "அந்தக் கோலைப் பத்தி எழுதியிருந்தீங்க. கோலி எந்தப் பக்கம் பாத்துட்டு நின்னான்னுகூட எழுதியிருந்தீங்க. நம்ம ஊர்ல அது ஒருத்தனுக்கும் ஞாபகமில்ல தம்பி. படிச்சுட்டு எந்திரிச்சு நின்னேன், கால் வலிக்கவே இல்ல. சரியாயிடுச்சுன்னே நெனச்சுட்டேன்."

மேற்கொண்டு திட்ட முடியவில்லை. நான் பத்து வருஷத்துக்கு முந்தைய தங்கசாமியைக் கூப்பிட்டேன், அவரும் அந்த ஆளாகவே கிளம்பி வந்துவிட்டார்.

எலும்பு முறிவுக்கும் சுளுக்குக்கும் இந்தப் பக்கத்தில் கெட்டிக்காரர் என்று பெயர் வாங்கிய நாட்டு வைத்தியர் ஒருவர் வத்தேகமவில் இருந்தார். சிங்களவர். வெதமாத்தயா என்பார்கள். அவரிடம் போவதில் ஒரே ஒரு தடங்கல். அவருடைய மகன்தான் வாவிக்கரைக் கிளப்பின் கேப்டன். போட்டிக்காரன் வீடு என்று தெரிந்தும், வேறு வழியில்லாமல் கூட்டிக்கொண்டு போனேன். நோயாளியின் கதையை வெளியே சொல்வதில்லை என்று பெரியவர் வாக்குக் கொடுத்தார். இலையை அரைத்துக் கட்டினார். மூன்று ஞாயிற்றுக்கிழமை போய்வந்தோம். கட்டு முடியும்வரை நான் பஸ் நிற்கும் இடத்தில் காத்திருப்பேன், இரண்டு பேராகப் போனால் கண்ணில் படும் என்று.

வாவிக்கரையோடு கடைசி ஆட்டம் அதற்கு அடுத்த சனிக்கிழமை. முடிய நாலைந்து நிமிஷம் இருக்கும்போது பந்து தங்கசாமியின் காலடியில் வந்து விழுந்தது. கோலி வழுக்கி விழுந்து கிடந்தான். எதிரே ஒருவருமில்லை. இரண்டு எட்டு வைத்தால் போதும். நான் எழுந்து நின்றுவிட்டேன். அவர் வலது காலை ஊன்றப் போனார், ஊன்றவில்லை. பந்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். எதிரணியில் யாரோ வந்து எடுத்துக்கொண்டு போனார்கள். எங்கள் பக்கத்தில் கோல் விழுந்து நாங்கள் தோற்றோம்.

கொஞ்ச நேரம் ஒருவரும் கூவவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

6

மறுநாள் சாயந்தரம் ஹாஜியாரின் கடை மாடியில் கூட்டம். அதற்குள் யூசுப் நானா ஒரு சேதியைக் கடைத்தெரு முழுக்கப் பரப்பியிருந்தார். மிளகு வாங்க வத்தேகமச் சந்தைக்குப் போனபோது, வாவிக்கரைக் கேப்டனின் வீட்டிலிருந்து தங்கசாமி வெளியே வருவதைக் கண்ணால் பார்த்தாராம். கண்டவர் வைத்தியரை நினைக்கவில்லை, கேப்டனை நினைத்தார். அத்தனை பேரும் அதையே நினைத்தார்கள். காசு வாங்கிக்கொண்டு ஆட்டத்தை விற்றுவிட்டான்.

படிக்கட்டில் தங்கசாமி எனக்காகக் காத்திருந்தார். "கவலைப்படாதீங்க," என்றேன். "வைத்தியத்துக்குத்தான் போனோம்னு நான் சொல்லிடறேன். காலைக் காட்டிடுவோம்."

"வேணாம்."

"திருடன்னு சொல்றாங்க அண்ணே!"

"சொல்லட்டும்," என்றார். குரலைத் தாழ்த்தி, ஏதோ நல்ல செய்தி சொல்வதுபோலச் சொன்னார். "காசு வாங்கிட்டு அடிக்காம விட்டான்னுதானே சொல்றாங்க? அப்போ நெனச்சிருந்தா அடிச்சிருப்பேன்னு அர்த்தம். கால் போச்சுன்னு தெரிஞ்சா அதுவும் போயிடும் தம்பி. நொண்டின்னு மட்டும் என்னை ஊருக்கு அனுப்பாதீங்க. நான் உசிரோட இருக்கிறவரைக்கும் சொல்லாதீங்க."

நான் வாதாடியிருக்க வேண்டும். வாதாடவில்லை. அவர் சொன்னதைக் கேட்டதும் என் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது, அது அவருக்காக இறங்கிய பாரம் இல்லை. கால் விஷயம் வெளியே வந்தால், பத்து வருஷம் பார்க்காத ஆளுக்கு நான் ஜாமீன் நின்றதும், தெரிந்த பிறகும் மறைத்ததும் கூடவே வரும். இந்த ஊரில் எனக்கு இருப்பது என் வார்த்தை ஒன்றுதான். அதை வைத்துத்தான் வாடகைக்கு வீடு கொடுக்கிறார்கள்.

மாடியில் ஹாஜியார் மற்றவர்களைக் கையமர்த்திவிட்டு என்னைப் பார்த்தார். "தம்பி, நீங்க கொண்டுவந்த ஆள். நீங்களே செல்லுங்க. அவரு என்னத்துக்கு அந்த ஊட்டுக்குப் போன?"

தங்கசாமி மூலையில் கோட்டைப் போட்டுக்கொண்டு நிமிர்ந்து நின்றார். என்னைப் பார்த்து மெல்லத் தலையை ஆட்டினார்.

"எனக்குத் தெரியாது," என்றேன்.

ஹாஜியார் நம்பினாரா என்று இன்றுவரை தெரியாது. "அந்த மனிசனுக்கு ஊருக்கு டிக்கட் எடுத்துக் குடுங்க," என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து தொழப் போனார்.

7

வழியனுப்ப நான் போகவேண்டும் என்பதில்லை. போனேன், கமலாவையும் கூட்டிக்கொண்டு. குழந்தையோடு நின்றால் என்னைத் திட்டமாட்டார்கள் என்று ஒரு கணக்கு. வரவேற்க வந்ததைவிட அதிகமான கூட்டம் கூவுவதற்கு வந்திருந்தது. தங்கசாமி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார்.

யூசுப் நானா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்குக் கோபத்தில் அழுகை வந்துவிட்டது. "எல்லாரும் பாத்தது! கோலி விழுந்து கெடந்தான். நீங்க நெனச்சிருந்தா மூணு கோல் போட்டீப்பீங்க! உங்கள நிப்பாட்ட இந்தக் கண்டியில ஒத்தருக்கும் ஏலாது. இப்பிடி ஒரு வெளயாட்ட வெச்சிக்கொண்டு ஏன் மனிசா வித்த?"

நான் தங்கசாமியின் முகத்தைப் பார்த்தேன். கல்யாண வீட்டில் பெயர் சொல்லி மாலை போட்டால் ஒருவனுக்கு முகம் எப்படி மலருமோ அப்படி இருந்தது. ரயில் நகர்ந்தபோது கூவியவர்களைப் பார்த்துக் கையாட்டினார்.

மலைச் சரிவில் வீட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தோம். கமலா நின்று கேட்டாள். "அப்பா, மெய்யாவே அவரு சல்லி வாங்கினாரா?"

அவளிடமாவது சொல்லியிருக்கலாம். எட்டு வயதுக் குழந்தை, கேட்க ஆளில்லாத மலைப் பாதை. ஒரு வார்த்தை போதும். வாயைத் திறந்தேன்.

"ஆமா. வாங்கினார்."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "அப்ப அவருக்கு நல்லா வெளயாடத் தெரியும், என்ன?"

"ரொம்ப நல்லா," என்றேன்.

மறுநாள் வேலை முடிந்து வந்தபோது முற்றத்தில் அதே சிங்களப் பிள்ளைகள் இருந்தார்கள். யாரும் நொண்டியடிக்கவில்லை. கமலா நடுவில் நின்று, பாதி சிங்களத்திலும் பாதி தமிழிலும் கையை வீசி வீசிச் சொல்லிக்கொண்டிருந்தாள். காசு மட்டும் கொடுக்காமல் இருந்திருந்தால் அவரை யாராலும் பிடித்திருக்க முடியாதாம். வாவிக்கரைக்காரர்கள் பயந்துதான் கொடுத்தார்களாம். யார் அவர் என்று ஒரு பெண் கேட்டாள்.

"எங்க ஊர் ஆளு," என்றாள் கமலா. "திருச்சி."

திருச்சியை அவள் அப்படிச் சொல்லி நான் அதற்குமுன் கேட்டதில்லை. குடையைக் கதவோரம் சாத்திவிட்டு உள்ளே போனேன். இப்போது அவளுக்குப் பதினைந்து வயது. இன்றும் அதையே நம்பிக்கொண்டிருக்கிறாள், நான் திருத்தவில்லை.